தேசவழமை யாரைத் தடுக்கிறது?

யாழ்ப்பாணத்தில் வெளியார் காணி வாங்கத் தேசவழமைச் சட்டம் இடம் கொடுப்பதில்லை என்ற கூற்று தென்னிலங்கை அரசியலில் நெடுங்காலமாக உலவுகிறது. சட்டத்தில் அப்படியொரு தடை இல்லை.

இச்சட்டம் தமிழ் அரசியல்வாதிகள் ஏற்படுத்திக்கொண்ட வேலி என்பர். ஆனால் இது எழுத்தில் தொகுக்கப்படும் முன்பே, 1619இல், நல்லூர்த் தமிழரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்துவிட்டது. ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் 1706இல் இட்ட கட்டளைப்படி, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைச் சரிபார்த்தனர். 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதி மூலம் ஆங்கிலேயரும் அதையே ஏற்றனர். வழக்கம் தமிழருடையது, அதைச் சட்டமாக்கியவர்கள் ஐரோப்பியர்.

தடை உண்டு என்போரின் முக்கிய வாதம் விற்பனை பற்றியது. காணி விற்பவர் முதலில் உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும், காணியை ஒற்றிக்குப் பிடித்திருக்கும் அயலவருக்கும் அறிவிக்க வேண்டும் என்பது பழைய விதி. ஒல்லாந்தர் காலத்தில் விற்பனை அறிவித்தல் தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிறுகள் வாசிக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அயலவரை விலக்கி, பங்காளிகளோடும் உரித்தாளிகளோடும் இவ்வுரிமையை நிறுத்திக்கொண்டது. அவர்கள் வேண்டாம் என்றால் எவருக்கும் உறுதி முடிக்கலாம். வாங்குபவரின் இனத்தை இவ்விதி கேட்பதேயில்லை. நல்லூர்க் காணியொன்றைப் பங்காளி கேட்டு நின்றால், சுன்னாகத்துத் தமிழரும் காலியிலிருந்து வரும் சிங்களவரும் ஒருங்கே பின்னால்தான் நிற்க வேண்டும்.

மணமான பெண் காணி விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற 1911ஆம் ஆண்டுச் சட்ட விதியையும் சிலர் சான்றாகக் காட்டுவர். அது பெண்ணுக்கு இழைக்கும் அநீதி, அதைக் கண்டிக்கலாம். ஆனால் அது கட்டுவது விற்பவளை, வாங்குபவரை அல்ல.

வெளியார் இங்கே நிலம் பெற்றதற்கும் வரலாறு உண்டு. 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பழைய தேவாலய வளவுகளை ஆங்கிலேய அரசு அமெரிக்க மிஷனரிமாருக்குக் கொடுத்தது. 1840களில் பச்சிலைப்பள்ளியில் ஐரோப்பியர் தென்னந்தோட்டங்கள் எழுப்பினர். ஆனால் அரசு கொடுத்த நிலத்துக்குப் பங்காளி இல்லை. குடிகளின் காணிக்கு உண்டு. அக்காணிகளோ சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து பிரிந்து, சில பரப்புகளாகவும் லாச்சங்களாகவும் சுருங்கியவை. ஒரே வளவுக்குப் பல உரித்தாளிகள். அவை சந்தைக்கு வருவதே அரிது. வந்தாலும் முதலில் விலை பேசுபவர் பெரும்பாலும் அடுத்த வளவில் இருக்கும் உறவினர்தான்.