ஆயாவின் அடுப்பும் அனல்மின் நிலையமும்: பிள்ளைகளுக்கு எந்தக் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறோம்?

"எங்க ஆயாதாண்ணா காத்தக் கெடுக்குது."

கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை சொன்னது இது. பள்ளியில் காற்று மாசு பற்றி ஓவியம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் படத்தில் ஒரு விறகடுப்பு, அதன் முன்னால் குந்தியிருக்கும் ஆயா, மேலே கறுப்புக் கிரேயானில் பெரிய புகை. கீழே "விறகு எரிக்காதீர், மரம் நடுவீர்" என்று எழுதியிருந்தாள். டீச்சர் "வெரி குட்" போட்டிருந்தார்.

அந்தப் பிள்ளைக்கு வீசிங் உண்டு. மாதத்தில் ஓரிரு முறை அரசு மருத்துவமனையில் நெபுலைசர் வைத்துக்கொண்டு வருவாள். நடுராத்திரியில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அதே ஆயாதான். படத்தில் குப்பை மேடு இல்லை. மணலி ஆலைகளின் புகைபோக்கி இல்லை. நிலக்கரி லாரி இல்லை. ஏன் வரையவில்லை என்று கேட்டேன்.

"அதெல்லாம் புக்ல இல்லண்ணா."

தோழர்களே, இந்தப் பதிவு அந்த ஒரு பதிலைப் பற்றியது. நம்மில் பலர் சேரிகளிலும் குடிசை மாற்றுக் குடியிருப்புகளிலும் இரவுப் பள்ளி நடத்துகிறோம். சுற்றுச்சூழல் தினம் வந்தால் நாமும் மரக்கன்று நட்டு, ஓவியப் போட்டி வைத்து, பென்சில் பாக்ஸ் பரிசு கொடுத்து முடித்துவிடுகிறோம். அந்தப் பாடம் நம் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்று யோசித்திருக்கிறோமா?

1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. மாசில்லாத நீரையும் காற்றையும் பெறுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது சுபாஷ் குமார் வழக்கில். பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்றது எம்.சி. மேத்தா வழக்கில். இரண்டாவது நடந்தது. பாடம் வந்துவிட்டது. முதலாவது இன்னும் கொடுங்கையூருக்கும் எண்ணூருக்கும் வந்து சேரவில்லை. போதாக்குறைக்கு, வந்த பாடம் வராத உரிமையைப் பற்றி வாய் திறப்பதில்லை. மரம் நடு, பட்டாசு வெடிக்காதே, குப்பையைக் கொளுத்தாதே என்று எல்லாக் கட்டளையும் வீட்டைப் பார்த்தே வருகிறது. கார் இல்லாத வீட்டுப் பிள்ளை "காருக்குப் பதில் பேருந்தில் செல்வோம்" என்று மனப்பாடம் செய்கிறது.

அதற்காக, "எல்லாம் கம்பெனிக்காரன் செய்யறது, நம்ம வீட்டுல ஒண்ணுமில்ல" என்று நாம் மேடையில் பேசுவதும் சரியில்லை. நானே பல வருடம் அப்படிப் பேசியவன்தான். அடுப்புப் புகையைப் பற்றிப் பேசினால் நம் பெண்களைக் குறைசொல்வதாகிவிடும் என்று ஒதுங்கியிருக்கிறேன். ஆனால் புகைக்கு நம் கூச்சம் தெரியாது. பத்துக்குப் பத்து அறையில் எரிகிற விறகும் கொசுவத்தியும் நேராகப் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகின்றன.

பிஎம் 2.5 என்கிற நுண்துகள் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். மூக்கு முடியும் சளியும் அதைத் தடுக்காது. நுரையீரலின் கடைசி அறை வரை போய், அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கும். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் வேகமாக மூச்சு விடுகிறார்கள். எடைக்கு எடை பார்த்தால் நம்மைவிட அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறார்கள். ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். நம் நாட்டின் தர அளவு 40. நம் பிள்ளைகளின் நுரையீரல் எட்டு மடங்கு தாங்கும் என்று யார் கண்டுபிடித்தார்கள் என்று மாணவர்கள் கேட்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் இப்போது கரும்பலகையில் மூன்று கட்டம் போடுகிறோம். முதலில் இரண்டுதான் போட்டோம்: "நம்ம கையில இருக்கிறது", "அவங்க கையில இருக்கிறது". மூன்றாவது எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் கட்டத்தில் பிள்ளைகளே எழுதியவை இவை. அடுப்பு பற்றவைக்க பாலித்தீன் கவரைக் கொளுத்துவதை நிறுத்த வேண்டும்; காய்ந்த ஓலையோ தேங்காய் நாரோ போதும். கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து எடுத்து வரும் பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் இரண்டையும் எரிக்கக் கூடாது. அதிலுள்ள பசையும் சாயமும் விஷப்புகையாகும். ஈர விறகு அதிகம் புகையும், காயவைத்து எரிக்க வேண்டும். வெந்நீர் அடுப்பைத் திறந்த வெளியில் வைத்து, புகை அடங்கும் வரை சின்னப் பிள்ளைகளைத் தள்ளி உட்கார வைக்க வேண்டும். வறட்டு விளக்குமாறு தூசியைக் கிளப்பிவிடும், ஈரத்துணியால் துடைப்பது நல்லது. போகிக்கு டயர் கூடாது.

கொசுவத்தி பற்றிச் சொன்னபோதுதான் அம்மாக்கள் அதிர்ந்தார்கள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளிலிருந்து வரும் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு அதன் பக்கத்தில்தான் பிள்ளையைத் தூங்க வைக்கிறோம். கொசுவலை கட்டுங்கள் என்றோம். ஓர் அக்கா எழுந்து, "வலை கட்டறோம் தம்பி, கால்வாய யாரு தூர் வாருவா?" என்று கேட்டார்.

அங்கேதான் மூன்றாவது கட்டம் பிறந்தது: "கேட்டு வாங்க வேண்டியது". குப்பையைக் கொளுத்துவது நாம்தான், ஆனால் குப்பை வண்டி ஒழுங்காக வராததால் கொளுத்துகிறோம். விறகு எரிப்பது ஆயாதான், ஆனால் உஜ்வாலாவில் கிடைத்த அடுப்பு சும்மா கிடக்கிறது; 800 ரூபாயைத் தாண்டிய சிலிண்டரை மாதாமாதம் வாங்க முடியவில்லை. காயலான் கடைக்குப் போட ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பது நம் தெருப் பையன்தான். கத்தியால் தோலுரித்து எடுக்கலாம், ஆனால் நேரமாகும், அந்த நேரத்துக்குக் கூலி தருவாரில்லை. "கொளுத்தாதே" என்று சொல்வது பாதிப் பாடம். கொளுத்தாமல் வாழ என்ன வேண்டும் என்பது மீதிப் பாடம்.

இனி இரண்டாவது கட்டம். நகரத்தின் குப்பையைச் சுமக்கும் கொடுங்கையூர் கிடங்கு 300 ஏக்கருக்கு மேல். அங்கே எரிஉலை வைத்துக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கப் போகிறோம் என்கிறார்கள். 2025-இல் மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று எதிர்த்தார்கள். மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2009-இல் கடுமையாக மாசடைந்த பகுதி என்று பட்டியலிட்டது. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் வட்டாரத்தில் 3,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட அனல்மின் உற்பத்தி. மின்சாரம் ஊருக்கெல்லாம் போகிறது, சாம்பல் மட்டும் இங்கேயே தங்குகிறது.

அனல்மின் நிலையங்கள் கந்தகப் புகையைக் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2015 டிசம்பரில் விதி போட்டது. இரண்டு ஆண்டு கெடு. கெடு நீண்டது, மறுபடி நீண்டது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல்மின் அலகுகளுக்கு அந்த விதியிலிருந்தே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பத்து வருடம் சலுகை பெற்றவன் பாடப்புத்தகத்தில் இல்லை. ஆயா இருக்கிறார்.

இந்த இடங்களில் யார் வாழ்கிறார்கள்? தலித்துகள், மீனவர்கள், உழைக்கும் இஸ்லாமியக் குடும்பங்கள். ஊரின் கடைசியில், சுடுகாட்டுக்கும் குப்பை மேட்டுக்கும் பக்கத்தில் நம்மை வைத்த அதே புத்திதான் நகரத்தின் வரைபடத்தையும் போட்டிருக்கிறது. பட்டியல் சாதியினர் வீட்டு வாசலில் கழிவைக் கொட்டுவது குற்றம் என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஒரு மாநகரமே கொண்டுவந்து கொட்டினால் அதற்குப் பெயர் நிர்வாகம். 1927-இல் மகத் குளத்தில் இறங்கி அண்ணல் கேட்டது தண்ணீர் மீதான சம உரிமையை. காற்றைப் பற்றி நாம் கேட்க வேண்டியதும் அதே உரிமைதான்.

இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொன்னால் பயந்துவிடமாட்டார்களா என்று சிலர் கேட்கிறார்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அப்படி ஒரு நேரத்தில் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகி ஓட வேண்டும். ஆலைக்குப் பக்கத்தில் வாழும் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? தெரியாமல் இருப்பதுதான் பயம்.

எனவே இரவுப் பள்ளி நடத்தும் தோழர்கள் இதைச் செய்து பாருங்கள். வெள்ளை அட்டையில் வாஸ்லின் தடவி அடுப்படியிலும் மாடியிலும் ரோட்டோரத்திலும் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். படிந்த தூசியைப் பிள்ளைகள் லென்ஸில் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத துகள்தான் ஆபத்து என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். மாடியில் ஒரு ரிப்பன் கட்டினால் காற்றின் திசை தெரியும். ஒரு நோட்டில் தேதி, நேரம், திசை, என்ன நாற்றம், அன்று யாருக்கு இருமல் என்று எழுதச் சொல்லுங்கள். மணலி, கொடுங்கையூர், ராயபுரம் ஆகிய இடங்களில் காற்றை அளக்கும் நிலையங்கள் உள்ளன. அந்த அளவை சமீர் செயலியில் பார்த்துப் பக்கத்திலேயே குறியுங்கள். மூன்று மாதக் குறிப்பை இணைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் மனு கொடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் இந்த இரண்டையும் எழுதித் தரலாம்.

எங்கள் பிள்ளை அந்த மூன்று கட்டத்தையும் நோட்டில் எழுதிப் போய் வீட்டில் படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் ஆயாவே வகுப்புக்கு வந்துவிட்டார்.

"கவர் கொளுத்தறத நிறுத்திட்டேன். அடுப்ப வெளிய வெச்சிட்டேன். நான் செய்ய வேண்டியத செஞ்சிட்டேன் நைனா. அவன் எப்ப நிறுத்துவான்னு கேட்டுச் சொல்லு."

கேட்போம். ஜெய்பீம்.