புகைமூட்டம் இயற்கைப் பேரிடர் அல்ல

2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம். அப்போது நான் யோங் பெங்கில் தமிழ்ப்பள்ளி மாணவன். புகைமூட்டத்தால் பள்ளியை மூடிவிட்டார்கள் என்று கேட்டதும் துள்ளிக் குதித்தேன். அம்மா ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகினார். பாட்டி இரவெல்லாம் இருமினார். அப்பா மட்டும் மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். செம்பனைக் குலை வெட்டினால்தான் அவருக்குக் கூலி. “நமக்கு யாரு லீவு கொடுக்கிறது?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த மாதம் 23-ஆம் தேதி காலை மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே அபாய நிலை. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. எங்கள் யோங் பெங் பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்தது என்றாலும், பக்கத்து மாவட்டத்துக் காற்றுக்கு எல்லைக்கல் ஏது?

இயற்கைப் பேரிடர்களைப் பட்டியலிடும்போது எரிமலை, நிலநடுக்கம் ஆகியவற்றோடு புகைமூட்டத்தையும் பலர் சேர்த்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். சுமத்ராவின் சினாபோங் எரிமலை ஏறக்குறைய 400 ஆண்டுகள் உறங்கிவிட்டு 2010-இல் வெடித்தது. அதை எந்த அரசாலும் தடுத்திருக்க முடியாது. கண்காணிக்கலாம், மக்களை வெளியேற்றலாம், அவ்வளவுதான். ஊர்களை மூடும் அதே சாம்பல் காலப்போக்கில் மண்ணுக்கு உரமாகவும் ஆகிறது. ஜாவாவின் செழிப்பான வயல்கள் அப்படி உருவானவை.

அதே சுமத்ராவின் ரியாவ் மாநிலத்திலிருந்து 2013-இல் நம்மை வந்து சேர்ந்த புகையின் கதை வேறு. அது பெரும்பாலும் கரிமண் நிலத்தில் எழுந்த புகை. மலாய் மொழியில் ‘தானா கம்புட்’ என்கிறோமே, அதுதான். செடிகொடிகள் நீரில் ஊறி, முழுதாக மக்காமல், பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து உருவான மண் அது. ஈரமாக இருக்கும்வரை எளிதில் தீப்பற்றாது. தோட்டம் போடுவதற்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் மண்ணே விறகாகிவிடும். நிலத்தைச் சுத்தப்படுத்தச் செலவு குறைந்த வழி என்று அதில் தீ வைக்கிறார்கள். மேலே அணைத்தாலும் நிலத்துக்கடியில் கனன்றுகொண்டே போய், வேறோர் இடத்தில் தலைகாட்டும். முழுதாக எரியாமல் புகைவதால் நுண்துகள்கள் மிகுதியாக வெளிவரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அவற்றை மலாக்கா நீரிணையைக் கடந்து ஜோகூருக்குக் கொண்டுவருகிறது. எரிந்த கரிமண் ஓரிரு தலைமுறையில் திரும்ப உருவாவதில்லை. அந்த நிலம் தாழ்ந்து, வெள்ளத்தைத் தாங்கும் திறனையும் இழக்கிறது.

எல்லாப் பழியையும் இந்தோனேசியாவின் மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்க முடியாது. நம் ஜோகூரின் மேற்குக் கரையிலும் கரிமண் நிலம் உண்டு, அதையும் வடித்துத்தான் தோட்டமாக்கினோம். அந்நாட்டில் மலேசிய நிறுவனங்களுக்கும் செம்பனைத் தோட்டங்கள் உள்ளன. எல்லை தாண்டும் புகைமூட்டம் பற்றிய ஆசியான் ஒப்பந்தம் 2002-இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை 2014-இல்தான் உறுதிப்படுத்தியது. மறுவருடமே அந்நாட்டில் ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டர் நிலம் எரிந்தது. அதனால் ஏற்பட்ட இழப்பை 1,600 கோடி அமெரிக்க டாலர் என உலக வங்கி மதிப்பிட்டது. 2019-இலும் புகை வந்தது. தாளில் இருக்கும் ஒப்பந்தம் தீயை அணைக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மழை வந்தால் புகை போய்விடும், புகை போனால் நாமும் மறந்துவிடுவோம். என் வருத்தம் இதுதான். குறியீடு 100-ஐத் தாண்டினால் பள்ளியில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும், 200-ஐத் தாண்டினால் பள்ளியையே மூட வேண்டும் என்று கல்வி அமைச்சு சொல்கிறது. நல்ல ஏற்பாடு. அதே தெளிவு தோட்டத்தில் குலை வெட்டுபவருக்கும், சாலையில் பணி செய்பவருக்கும், பொட்டலம் கொண்டு செல்லும் இளைஞருக்கும் வேண்டாமா? எந்த எண்ணைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும், அந்த நாளின் கூலிக்கு யார் பொறுப்பு என்பதைக் கட்டாய விதியாகவே எழுதி வைக்க வேண்டும். வெறும் அறிவுரை போதாது. கூலி போய்விடும் என்று பயப்படுகிறவர் முகக்கவரியை மாட்டிக்கொண்டு வேலைக்குத்தான் போவார்.

மாணவர்களாகிய நம்மால் என்ன முடியும்? முதலில் நம் வீட்டுக் கொல்லையில் காய்ந்த இலையையும் குப்பையையும் கொளுத்துவதை நிறுத்தச் சொல்லலாம். திறந்தவெளியில் எரிப்பதை 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. “கொஞ்சம் குப்பைதானே” என்று பெரியவர்கள் சொல்வார்கள். தீ வைப்பவர் ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைக்கிறார். அடுத்து, அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை மாதிரி செய்யும் நம் பள்ளிகள், ஒரு முறையாவது கரிமண் நிலத்தின் மாதிரியைச் செய்து பார்க்கட்டும். உயர்கல்விக்குப் போகிறவர்கள் மண்ணியல், வனவியல், தொழிலாளர் சட்டம் ஆகியவற்றையும் எண்ணிப் பாருங்கள். இந்தச் சிக்கலுக்கு அந்த மூன்று அறிவும் தேவை.

என் அப்பா இன்னும் குலை வெட்டத்தான் போகிறார். அடுத்த முறை புகைமூட்டத்தால் உங்களுக்கு விடுமுறை கிடைத்தால், அன்று காலையில் உங்கள் வீட்டிலிருந்து யார் வேலைக்குக் கிளம்புகிறார்கள் என்று பாருங்கள்.