கொறங்காடு இல்லாத காங்கேயம்

2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டதிலிருந்து காங்கேயம் காளை சட்டைகளிலும் கார்க் கண்ணாடிகளிலும் ஏறிவிட்டது. மாடு என்ற நிலையிலிருந்து சின்னம் என்ற நிலைக்கு அது உயர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நம் பார்வையில் அது இறக்கம்தான். (ஏறுதழுவலுக்குப் பெயர்பெற்றது தெற்கத்திப் புலிக்குளம் மாடு. காங்கேயம் ஏருக்கும் வண்டிக்கும் வளர்க்கப்பட்டது. சின்னம் தேடியவர்களுக்கு இந்த வேறுபாடு பொருட்டாகப் படவில்லை.)

சிந்துவெளி முத்திரையில் நிற்பது காங்கேயம் காளையே என்ற வாதத்தை இப்போது சிற்றிதழ்க் கட்டுரைகளிலும் காண்கிறோம். முத்திரையில் உள்ளது திமிலும் அலைதாடியும் கொண்ட எருது. அவ்வகை மாடுகள் துணைக்கண்டம் முழுவதும் பல இனங்களாக உள்ளன. 1953இல் இந்திய, பாகிஸ்தான் மாடுகளைப் பற்றி நூல் எழுதிய ஜோஷியும் பிலிப்ஸும் காங்கேயத்தை ஹள்ளிகார், அமிர்தமகால் ஆகியவற்றோடு மைசூர் வகையில் சேர்த்தார்கள். கன்னட நாட்டு மாடுகளோடு உறவு என்றால் நம் பெருமிதத்துக்கு என்ன குறைந்துவிடும்? இன்று நாம் காணும் உருவம் நிலைபெற்றதில் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் மந்தைக்குப் பெரும் பங்குண்டு. பொலிகாளையைத் தேர்ந்து தேர்ந்து மனிதர்கள் செய்த வேலை அது. 'ஆதி', 'தூய்மை' என்ற சொற்களால் அந்த உழைப்பை மறைப்பது நன்றிகெட்ட செயல்.

மனிதரோடு சேர்ந்து இம்மாட்டை உருவாக்கியது கொறங்காடு. மழை குறைந்த, மண் மெலிந்த கொங்கு மேட்டு நிலத்தில் முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, இடையிடையே வெள்வேல மரங்களை நிறுத்திய மேய்ச்சல் காடு அது. புறம்போக்கன்று, உழவரின் சொந்த நிலம். வேலி இருப்பதால் மேய்ப்பவர் இல்லாமலே மாடு மேயும். புல் காய்ந்த மாதங்களில் வெள்வேலங்காய் உதிர்ந்து தீனியாகும். செந்நிறமாகப் பிறக்கும் கன்று சுமார் ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளைக்குத் திமிலிலும் தொடைகளிலும் கருமை ஏறும், காயடித்தால் அது வெளிறும். வெயிலையும் அரைவயிற்றுத் தீனியையும் தாங்கும் அதன் உடம்பைச் செய்தது இந்தக் காடு. காட்டை விற்றுவிட்டு மாட்டை மட்டும் காப்போம் என்பது, நாம் அறிந்தவரை, மிருகக்காட்சிசாலைத் திட்டம்.

அதனினும் மோசம் பால் வியாபாரம். கன்றுக்குப் போக நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் அதிகம் என்னும் உழைப்பு மாட்டை 'ஏ2' என்ற முத்திரை குத்திப் பட்டணத்தில் விற்கிறார்கள். ஏ2 காங்கேயத்தின் தனிச்சொத்தன்று. நாட்டு மாடுகள் பெரும்பாலானவற்றுக்கும் எருமைக்கும் பொதுவானது. மற்றப் பால் நோய் தரும் என்ற பயமுறுத்தலை 2009இல் ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதற்குக் காரணகாரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. பாலுக்காகப் போற்றினால், கறவைக் கணக்கில் ஜெர்சியிடம் காங்கேயம் நாளையே தோற்கும். கலப்பினக் கொள்கை அரை நூற்றாண்டாகச் சொல்லிவந்த தர்க்கமும் இதுவே. அதை எதிர்ப்பதாகச் சொல்பவர்களே அதன் தராசைக் கையில் எடுக்கிறார்கள்.

1932இல் பைகாரா மின்சாரம் வந்தது. கிணறுதோறும் பம்புசெட்டு வரவர எருது நீரிறைத்த கவலை ஓய்ந்தது. பின்னர் டிராக்டர் வந்து ஏரும் போயிற்று. உழவரை இதற்காகக் குறைசொல்வது வேலை செய்யாதவர்களின் பொழுதுபோக்கு. ஆனால் எருதுக்கு வேலை போனபிறகும் காடு இருந்தவரை பசு இருந்தது. இப்போது காடு வீட்டுமனையாகிக்கொண்டிருக்கிறது. கொறங்காட்டை மேய்ச்சல் நிலமாகவே வைத்திருக்கும் உழவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று அரசு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். கிளுவை வேலியைப் புதுப்பிக்கவும் உதவ வேண்டும். இந்தக் கோரிக்கையோடு இதுவரை யாரும் கடற்கரையில் கூடவில்லை.