வரிவிலக்குக்குப் பட்டா கேட்காதீர்கள்

2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சொத்து வரியைச் சீராய்வு செய்தபோது, சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடியைத் தாண்டிய வீடுகளுக்கு 100 விழுக்காடும் வரி உயர்ந்தது. வீட்டின் அளவைக் கொண்டு வரிச் சுமையைப் பிரித்தது நியாயம். ஆனால் அந்த நியாயம் பாதி வழியில் நின்றுவிட்டது. 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு மும்பையில் 2022-இல் வரியே நீக்கப்பட்டது. கேரளம் 2023-இல் 60 சதுர மீட்டர் வரை விலக்கு அளித்தது, ஒருவருக்கு ஒரு வீடு என்ற வரம்போடு. காவிரி டெல்டாவின் திருத்துறைப்பூண்டி போன்ற நகராட்சிகளில் சொந்தமாகக் குடியிருக்கும் சிறு வீடுகளுக்கும் இத்தகைய விலக்கு வேண்டும். குடியிருக்கும் வீடு வருமானம் தருவதில்லை. இங்கே கூலியும் கடை வியாபாரமும் மேட்டூர்த் தண்ணீரையும் அறுவடையையும் நம்பியவை. வரி மட்டும் அரையாண்டு தவறாமல் வருகிறது.

விலக்கு யாருக்கு என்பதில்தான் டெல்டாவுக்கே உரிய சிக்கல் இருக்கிறது. கோயில், மடத்து நிலங்களில் வீடு கட்டி வாழும் குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். வீடு அவர்களுடையது, அடிமனை கோயிலுடையது. மனை வாடகையும் கட்டி, வீட்டு வரியும் கட்டுபவர்கள் அவர்கள். பட்டா காட்டினால்தான் விலக்கு என்று விதி எழுதினால், மிகவும் தேவைப்படுவோரே முதலில் வெளியே நிற்பார்கள். பத்திரத்தை விடக் குடியிருப்பைப் பெரிதாக மதித்த முன்னுதாரணம் நம்மிடமே உண்டு: அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனையையே உரிமையாக்கியது 1971-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம். 2018 நவம்பரில் கஜா புயல் கூரையைப் பறித்த பிறகு, கடன் வாங்கிக் கான்கிரீட் போட்டவர்களையும் விலக்கில் சேர்க்க வேண்டும். பதிவேட்டில் அது மதிப்பு கூடிய கட்டடம். அவர்களுக்கோ அடுத்த புயலுக்கான பாதுகாப்பு மட்டுமே.

நகராட்சியின் வருவாய் குறையும் என்பது வலுவான ஆட்சேபம். விலக்கை அறிவிப்பது மாநிலம், இழப்பது உள்ளூர் என்றால், அதே சிறு வீட்டுக்காரரின் தெருவில் சாக்கடை தூர்வாரப்படாது. 15-ஆவது நிதிக்குழுவும் சொத்து வரி வசூல் வளர்ந்தால்தான் மானியம் என்று நிபந்தனை வைத்தது. எனவே விலக்கால் குறையும் தொகையை மாநில அரசே ஆண்டுதோறும் நகராட்சிக்கு ஈடுகட்ட வேண்டும். வணிகக் கட்டடங்களை முறையாக அளந்து வசூலையும் உயர்த்த வேண்டும். பெரிய வீட்டைப் பெயருக்குப் பிரித்து விலக்குக் கேட்பார்கள் என்ற அச்சத்துக்குக் குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற வரம்பு போதும். வாடகைக்கு இருப்பவருக்கு இதில் பலன் இல்லை என்பது உண்மையான குறை. அவர்களுக்கு உதவி வேறு திட்டத்தில் வர வேண்டும். அதற்காகக் கோயில் மனையில் வீடு கட்டியவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.