மேசுக்கும் ஒரு மரியாதை

திருகோணமலை உட்துறைமுக வீதியில் விடியற்காலையில் ஓடுவோரும் நடப்போரும் பெருகியிருக்கிறார்கள். நானும் அவர்களுள் ஒருவன். பலரது கால்களில் விலையுயர்ந்த சப்பாத்துகள். உள்ளே இருப்பதோ, பிள்ளையின் பாடசாலைக்கு வாங்கியதில் மிஞ்சிய வெள்ளைப் பருத்தி மேசு.

'சப்பாத்து', 'மேசு' ஆகிய இரண்டும் போர்த்துக்கேயரிடமிருந்து நாம் பெற்ற சொற்கள். 1620களில் கோணேசர் கோயிலை இடித்தவர்கள் விட்டுச்சென்ற இவ்விரண்டில், முதலாவதற்கு மட்டுமே நாம் மரியாதை கொடுக்கிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு மார்கழி மாதம், இரவு பெய்த மழையின் ஈரம் காயாத வீதியில் ஓடிவிட்டு வந்து பார்த்தபோது, குதிக்காலில் கொப்புளம் உடைந்திருந்தது. ஒரு வாரத்தில் ஆறிற்று. ஆனால், நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருந்த என் பழைய சக பத்திரிகையாளர் ஒருவருக்கு அது ஆறவில்லை. கொப்புளம் வந்ததே அவருக்குத் தெரியாது. முடிவில் ஒரு விரலை இழந்தார். மேசு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். தொடக்கம் ஒரு கொப்புளம் என்பதை மட்டும் சொல்வேன்.

பருத்தி வியர்வையை உறிஞ்சும், எளிதில் விடாது. ஈரத்தில் ஊறி மென்மையான தோல் உராயும்போது கொப்புளம் எழுகிறது. துறைமுகத்தையொட்டிய ஈரக்காற்றில் இது இன்னும் விரைவாக நடக்கும். 1990இல் அமெரிக்காவில் நெடுந்தூர ஓட்டக்காரர் 35 பேரிடம் செய்த ஆய்வில், அக்ரிலிக் மேசு அணிந்தபோது கொப்புளங்கள் குறைவாகவும் சிறியனவாகவும் இருந்தன. ஆயினும் அதே ஆய்வாளர்கள் 1993இல் சாதாரணப் பின்னல் கொண்ட மேசுகளை ஒப்பிட்டபோது அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆகவே இழை மட்டும் போதாது. பின்னலும் பொருந்த வேண்டும்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? அக்ரிலிக், பொலியெஸ்டர், நைலோன் அல்லது மெல்லிய மெரினோ கம்பளி கலந்ததாக இருக்கட்டும். உட்புறத்தை வெளியே திருப்பி, விரல் நுனித் தையலைத் தடவிப் பாருங்கள்; தடித்திருந்தால் வேண்டாம். குதிக்காலுக்கென வளைந்த பகுதி குதிக்காலிலேயே அமர வேண்டும். மேல்விளிம்பு காலில் தடம் பதிக்கக்கூடாது. நீரிழிவுள்ளோர் வெளிர்நிறத்தையே தேர்ந்தெடுங்கள். கசிவு இருந்தால் உடனே கண்ணில் படும். ஓடி முடித்ததும் பாதத்தைப் பார்ப்பதும் அவர்களுக்குக் கட்டாயம்.

"நாங்கள் டச்சுக் குடாக் கடற்கரையில் வெறுங்காலோடு ஓடியவர்கள்தானே?" என்று என் வயதுக்காரர் கேட்பதுண்டு. உண்மைதான். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மரதனை வெறுங்காலோடு ஓடியே வென்றார். அது வெறுங்காலிலேயே உரமேறிய பாதம். நாற்பதாண்டுகள் அலுவலக நாற்காலியின் கீழ் சப்பாத்துக்குள் அடைந்து கிடந்த என் பாதம் அதுவன்று.

அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜோன் வூடன், பல்கலைக்கழக அணியின் முதல் நாள் பயிற்சியில் கற்பித்தது பந்தெறிவதையன்று. சுருக்கம் விழாமல் மேசு அணிவதை. அவரது அணி பத்துத் தடவை தேசிய வாகை சூடிற்று.

அடுத்த முறை சப்பாத்து வாங்கச் செல்லும்போது, ஓடுவதற்கான மேசை முதலில் வாங்கி, அதை அணிந்துகொண்டே சப்பாத்தின் அளவைப் பாருங்கள். பிள்ளையின் மேசு பிள்ளைக்கே இருக்கட்டும்.