அந்தக் கணக்கு யார் வீட்டில் இருக்கும்?

போன மாதம் மதுராந்தகம் பக்கத்தில் ஒரு காலனியின் இரவுப் பாடசாலைக்குப் போயிருந்தேன். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கும் ஒரு பெண், மறுநாள் கல்லூரியில் பேச வேண்டிய செமினாரைச் சின்னப் பிள்ளைகள் முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பு பிளாக்செயின். "ஒரு தடவை எழுதிட்டா எழுதினதுதான். அதிகாரத்துல இருக்கிறவங்ககூடத் திருத்த முடியாத கணக்கு இது" என்றாள். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய தாத்தா குறுக்கே கேட்டார்: "அதெல்லாம் சரிம்மா. அந்தக் கணக்கு யாரு ஊட்டுல இருக்கும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். "யாரு வீட்லயும் இல்ல தாத்தா, கம்ப்யூட்டர்ல இருக்கும்" என்று அந்தப் பெண்ணும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிளாக்செயின் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

அவருடைய இளம் வயதில் கணக்கு நிஜமாகவே ஒருவர் வீட்டில்தான் இருந்தது. கர்ணம் வீட்டுப் பெட்டியில். அடங்கல், சிட்டா, அ பதிவேடு எல்லாம் அங்கே. பதவி அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். பெட்டியும் கூடவே போகும். நம் ஆட்கள் தங்கள் நிலத்தின் சர்வே எண்ணைக் கேட்க வேண்டுமானால் ஊர்த்தெருவுக்குப் போய் வாசலில் நின்று கேட்க வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது வாசலில் நிற்பவனுக்குத் தெரியாது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் அந்த ஒழிப்பு செல்லும் என்று தீர்ப்பானது. முழுநேர அரசு ஊழியராகக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பெட்டி இடம் மாறியது. ஆனால் பெட்டிக்குள் அதுவரை எழுதப்பட்டிருந்தது அப்படியே கூட வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்குப் பட்டா, பத்திரம், சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாக்செயினில் ஏற்றினால் முறைகேடு ஒழியும் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. தமிழ்நாடு அரசே 2020இல் பிளாக்செயின் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் பஞ்சமி நிலத்தை வைத்துப் பார்க்காமல் இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி நம்மால் முடிவுக்கு வர முடியாது.

மாணவர்களுக்காகச் சுருக்கமாக. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், நம் மக்களின் நிலைமை பற்றி 1891இல் ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. இயக்கங்கள் சொல்லும் கணக்கு சுமார் 12 லட்சம் ஏக்கர். முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு இறுக்கமான நிபந்தனை போட்ட நிலம் எப்படிக் கை மாறியது? அடித்துப் பிடுங்கியதும் உண்டு, கடனுக்கு எழுதி வாங்கியதும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் கடைசியில் செல்லுபடி ஆக்கியது பேனாதான். நிபந்தனையைக் குறிக்கும் ஒரு சின்னக் குறிப்பு அடுத்த பதிவேட்டில் எழுதப்படாமல் விட்டால் போதும். அது வெறும் பட்டா நிலம் ஆகிவிடும். 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்கிற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் அப்போது அனுபவத்தில் இருந்தவர் பெயருக்குப் பட்டா ஏறிய கதைகள் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. நிலத்தை மீட்கக் காரணையிலிருந்து எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள்.

அந்தத் தாத்தாவிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அவருடைய அப்பா கட்டிய கிஸ்தி ரசீதுகள், மடித்த மடிப்பில் கிழிந்துபோனவை. கணினியில் அந்த சர்வே எண்ணைத் தட்டினால் வேறொருவர் பெயர் வருகிறது. எந்தத் தேதியில் மாறியது, எந்த ஆணையின்படி மாறியது, யார் கையெழுத்து? எதற்கும் பதில் இல்லை. திங்கள்கிழமை மனுநாளில் நானும் அவரோடு ஒருமுறை வரிசையில் நின்றிருக்கிறேன். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. அதோடு சரி.

பிளாக்செயின் சரிசெய்யக்கூடியது இந்த இடத்தைத்தான். அதை விளக்க கம்ப்யூட்டர் தேவையில்லை, மகளிர் சுயஉதவிக் குழு நோட்டு போதும். பன்னிரண்டு பேர் குழு. வழக்கமாக ஒரே நோட்டு, தலைவியிடம் இருக்கும். அதற்குப் பதில் பன்னிரண்டு பேரிடமும் ஒரே கணக்கு எழுதிய நோட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும், முந்தைய பக்கம் முழுவதையும் சுருக்கிய ஒரு அடையாள எண் எழுதப்படும். கம்ப்யூட்டர்காரர்கள் அதை ஹேஷ் என்பார்கள். நாம் கைரேகை என்று சொல்லிக்கொள்ளலாம். முந்தைய பக்கத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் கைரேகை முழுக்க மாறிவிடும். இருபதாம் பக்கத்தில் 500ஐ 5,000 ஆக்கினால் இருபத்தொன்றாம் பக்கத் தலைப்போடு அது ஒத்துப்போகாது. அதையும் திருத்தினால் இருபத்திரண்டு இடிக்கும். கடைசிப் பக்கம் வரை ஒருத்தி தன் நோட்டைத் திருத்தி முடித்தாலும் மற்றப் பதினோரு நோட்டுகள் அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். தத்துவம் இவ்வளவுதான். 2008இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் இதை வைத்துப் பிட்காயினுக்குத் திட்டம் எழுதியதால், பிளாக்செயின் என்றாலே சூதாட்டப் பணம் என்று நம் ஊரில் ஆகிவிட்டது. அது வேறு கதை.

இனி இது செய்ய முடியாததைப் பார்ப்போம். முதல் பக்கத்தில் எழுதுகிறவன் பொய் எழுதினால் இந்த நோட்டு அந்தப் பொய்யையும் அதே உறுதியோடு காக்கும். இன்றைக்கு இருக்கும் பட்டாவை இருக்கிறபடியே பிளாக்செயினில் ஏற்றினால் என்ன ஆகும்? பஞ்சமி நிலத்தை வளைத்தவரின் பெயர், யாராலும் திருத்த முடியாத பெயர் ஆகிவிடும். "கம்ப்யூட்டரே சொல்லுதுய்யா" என்று இப்போதே நம்மைத் திருப்பி அனுப்புகிறார்கள். நாளை "பிளாக்செயினே சொல்லுது" என்பார்கள்.

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. ஜார்ஜியா நாட்டில் 2016இல் நிலப் பதிவுகளின் கைரேகையைப் பிட்காயின் சங்கிலியில் பதிக்கத் தொடங்கினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் ஏறின. அதைச் சாதனை என்று எல்லோரும் எழுதினார்கள். ஆனால் அந்த நாடு 2004லேயே தனிப் பதிவு முகமை அமைத்து, பதிவு அலுவலக லஞ்சத்தை ஒழித்து, ஆவணங்களை ஒழுங்குபடுத்தியிருந்தது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. வீட்டைப் பெருக்கிவிட்டுத்தான் பூட்டுப் போட்டார்கள். 2015இல் ஹோண்டுராஸ் நாட்டிலும் இதே போல ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. அங்கே அரசியல் இழுபறியில் அது தொடக்கத்திலேயே நின்றுபோனது.

நோட்டுகள் யாரிடம் இருக்கும் என்பதும் இதே அளவு முக்கியம். தாத்தாவின் கேள்வி அதுதான். பன்னிரண்டு நோட்டும் ஒரே துறையின் பன்னிரண்டு கம்ப்யூட்டரில் இருந்தால், அது ஒரே கர்ணம் வீட்டில் பன்னிரண்டு பெட்டி இருப்பதற்குச் சமம். எல்லாப் பெட்டிக்கும் சாவி ஒரே கையில். வருவாய்த் துறையிடம் ஒன்று, பதிவுத் துறையிடம் ஒன்று, நீதிமன்றத்திடம் ஒன்று, ஒரு பல்கலைக்கழகத்திடம் ஒன்று, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையத்திடம் ஒன்று, கிராம சபையிடம் ஒன்று என்று எதிரெதிர் நலன் உள்ளவர்களிடம் பிரிந்திருந்தால்தான் அதற்குப் பிளாக்செயின் என்று பெயர். டெண்டர் விடும்போது இதைக் கேட்க நம் ஆள் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் கணினி படிக்கும் நம் பிள்ளைகள் தேவை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. பிட்காயினுக்கு முன்பே, 1991இல், ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் மின்னணு ஆவணத்துக்குத் தேதி குத்தும் முறையைக் கண்டுபிடித்தார்கள். சதோஷியின் கட்டுரையே அவர்களைத்தான் மேற்கோள் காட்டுகிறது. தங்கள் பதிவேட்டைத் தாங்களே பின்னால் திருத்தவில்லை என்று நிரூபிக்க அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1995 முதல் வாரம் ஒருமுறை மொத்தப் பதிவேட்டின் கைரேகையை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் சின்ன விளம்பரமாக அச்சிட்டார்கள். அச்சடித்து லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்விட்ட தாளை எந்த அதிகாரியாலும் திரும்ப வாங்கித் திருத்த முடியாதல்லவா?

இதை இந்த மாவட்டத்திலேயே செய்யலாம். ஒரு கிராமத்தின் அ பதிவேடு முழுவதன் கைரேகை, இன்று பரவலாகப் பயன்படும் முறையில், வெறும் 64 எழுத்து. ஜமாபந்தி முடிந்ததும் அந்த 64 எழுத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதலாம், கிராம சபைத் தீர்மான நோட்டில் ஏற்றலாம், இந்தப் பத்திரிகையில் ஒரு வரியாகப் போடலாம். யாருடைய பெயரோ சாதியோ அதில் வெளியே தெரியாது. அடுத்த ஜமாபந்தி வரை நடந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆணை எண் காட்டியாக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் பழைய பதிவேடுகளில் உள்ள பஞ்சமி நிபந்தனைக் குறிப்புகளை ஊர் ஊராக எடுத்து, கிராம சபையில் சர்வே எண்ணோடு வாசித்து, விடுபட்டதைச் சேர்க்க வேண்டும். முதல் பக்கம் சரியாக எழுதப்படும் வரை சங்கிலி போடாதே என்பதுதான் நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

நிலத்துக்கு வெளியே, இன்றைக்கே பயன்படக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது: காவல் நிலையம். வன்கொடுமைப் புகாரோடு போனால் முதல் தகவல் அறிக்கைக்குப் பதில் சி.எஸ்.ஆர். ரசீது தருவதும், நான்கு நாள் கழித்து வேறு வாசகத்தோடு புகார் எழுதி வாங்குவதும் நமக்குப் பழக்கமான சங்கதிகள். 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: வாய்மொழிப் புகாரை எழுதியபின் புகார் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், பதிவு செய்ய வேண்டும், நகலை உடனே தர வேண்டும். வேண்டுமென்றே செய்யாத அலுவலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. சட்டம் இருக்கிறது. முதல் நாள் இரவு நாம் எழுதிக் கொடுத்தது என்ன என்று காட்டத்தான் வழி இல்லாமல் நிற்கிறோம்.

அதற்கு, கையால் எழுதிய புகாரைச் செல்போனில் படம் எடுத்த அன்றே அந்தக் கோப்பின் கைரேகையை எடுத்துப் பல இடங்களுக்கு அனுப்பி வையுங்கள். தேதியோடு பொதுச் சங்கிலியில் பதித்துத் தரும் இலவசச் சேவைகளும் இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம், மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது தரவேண்டிய சான்றில் இந்த ஹேஷ் எண்ணையே கேட்கிறது. ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, கைரேகை மாறிவிடும். டாகுமெண்டாக அனுப்புங்கள், மூலப் படத்தைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். ஒவ்வொரு தெருவிலும் இதைத் தெரிந்த மாணவர் ஒருவர் இருந்தால் போதும்.

அந்தப் பெண் மறுநாள் செமினாரில் தாத்தாவின் கேள்வியையே முதல் பக்கமாகப் போட்டுப் பேசியிருக்கிறாள். பேராசிரியர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "நேரம் முடிஞ்சிடுச்சுன்னாரு சார்" என்றாள். பிறகு இருவருமாக உட்கார்ந்து தகரப் பெட்டியில் இருந்த ரசீதுகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்திருக்கிறார்கள். யூ.டி.ஆருக்கு முந்தைய, பிந்தைய அ பதிவேடுகளின் நகல் கேட்டுத் தகவல் உரிமை மனு போன வாரம் தாலுகா அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. பதில் தரச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 30 நாள். எழுதியது பேத்தி, கையெழுத்து தாத்தாவுடையது.