மதச்சார்பின்மையும் நமது ஈமானும்



மதச்சார்பின்மை என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். அரபியில் சிலர் இதனை 'லாதீனிய்யா', அதாவது மார்க்கமற்ற நிலை என்று குறிப்பதால் அச்சம் எழுவது இயல்பே. ஆனால் இச்சொல்லை இரு பொருளில் வழங்குகிறார்கள். ஒன்று, மார்க்கத்தை வாழ்விலிருந்தே அகற்றிவிடுவது. மற்றது, அரசு எந்த மதத்தின் பக்கமும் சாயாமல் எல்லோருக்கும் நீதி செய்வது. முன்னதை ஈமான் கொண்டவர் ஏற்க முடியாது. பின்னதோ சிறுபான்மையினராகிய நமக்கு நிழல் தரும் மரம்.

நமது தீவுகளையே பாருங்கள். குறிகட்டுவானில் படகேறி நயினாதீவில் இறங்கினால் நாகபூசணி அம்மன் கோவில், நாகதீப விகாரை, நமது பள்ளிவாசல் மூன்றும் அச்சிறு தீவிலேயே இருக்கின்றன. மூன்றுக்கும் போகிறவர்களை ஒரே கடல் சுமக்கிறது. அரசும் அவ்வாறே இருக்க வேண்டும்.

சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு மதத்தவருக்கு மட்டும் சலுகையோ தடையோ விதிக்கும் சட்டத்தைத் தடுத்திருந்தது. 1972ஆம் ஆண்டு யாப்பில் அந்தப் பாதுகாப்பு நீங்கி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. 1978ஆம் ஆண்டு யாப்பின் 9ஆம் உறுப்புரை அதனைத் தொடர்ந்தது; 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் மத சுதந்திரத்தை உறுதி செய்தது.

எழுத்தில் இருந்தால் மட்டும் போதுமா? 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் மதச்சார்பற்ற தமிழீழத்தைக் கேட்டது. அந்த ஈழத்துக்காகவே போராடுவதாகச் சொன்ன விடுதலைப் புலிகள், 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். நாம் பேசியதும் தமிழ்தான், பார்க்கப்பட்டது மதம்.

முப்பது ஆண்டுகளின் பின் கொரோனா வந்தது. நல்லடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020இல் நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 10ஆம் உறுப்புரை அப்போதும் யாப்பில் இருந்தது. பெற்ற தாயைக் குளிப்பாட்டிக் கபனிட முடியாமல் எத்தனை பெண்மக்கள் துடித்தார்கள்! அந்த டிசம்பரில் பொறளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். கட்டியவர்களில் பிற மதத்தவரும் இருந்தார்கள்.

2021 பெப்ரவரியில் அனுமதி கிடைத்தபோது முதலில் இரணைதீவைத் தெரிவு செய்தார்கள். 2018இல்தான் சொந்த மண்ணுக்குத் திரும்பியிருந்த அத்தீவின் கத்தோலிக்க மீனவ மக்கள் அதனை எதிர்த்தார்கள். ஒரு தவறான முடிவு இரு சிறு சமூகங்களை எதிரெதிரே நிறுத்தப் பார்த்தது. பின்னர் ஓட்டமாவடி மண் இடம் தந்தது. அங்கே முஸ்லிம்களுடன் இந்து, கிறிஸ்தவ, பௌத்த சகோதரர்களும் அடக்கம் செய்யப்பட்டார்கள். 2024 ஜூலையில் அரசின் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? யாப்பு வேண்டும்; அதைவிட அயலவரின் மனச்சாட்சி வேண்டும். அது தானாக வராது. நாமும் முதலில் கொடுக்க வேண்டும். ஸூரத்துல் ஹஜ்ஜின் 40ஆம் வசனம் பள்ளிவாசல்களோடு பிறருடைய வணக்கத்தலங்களும் இடிபடாமல் காக்கப்படுவதைப் பேசுகிறது. ஆகவே தாய்மார்களே, பிறர் வழிபாட்டைக் கேலி செய்யும் பேச்சு வீட்டில் எழுந்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள். கோவிலுக்கோ தேவாலயத்துக்கோ அநீதி நேர்ந்தால் அதுவும் அநீதியே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நமக்கு மட்டும் கேட்கும் நீதி நீதியாகாது.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களில் நீதியை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.